கடைசியா கழட்டினது எது?

தரைவழியா ராமேஸ்வரம் தீவுக்குப் போக ஒரே ரோடு, 1988-ல் திறந்த பாம்பன் பாலம். கீழே படகு போகணும்னு நடுவில் உயர்த்திக் கட்டியிருக்காங்க. ஐஸும் மீனும் ஏற்றின லாரிக்கு அந்த ஏற்றம்தான் வைவா.

போன வாரம் இன்ஜின் வேலை பார்த்த லாரி ஒன்று அங்கே திணறுதுன்னு வைங்க. நம்மில் பாதிப் பேர் உடனே "பம்ப் போச்சு"ன்னு சொல்வோம். நல்ல மெக்கானிக் அப்படிச் சொல்ல மாட்டார். "கடைசியா எதைக் கழட்டினாங்க?"ன்னு கேட்பார். முதலில் அங்கேதான் கை வைப்பார்.

அடுத்து புகை. கரும்புகைன்னா டீசலுக்கு ஏத்த காற்று இல்லை: ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லைன்னா டர்போ ஹோஸ் கிளாம்ப்பைச் சரியா இறுக்கியிருக்க மாட்டாங்க. புகையே இல்லாம இழுவை குறைஞ்சா டீசல் போதலை: டீசல் ஃபில்டர், லைனில் காற்று, முழுசா இழுக்காத ஆக்ஸிலரேட்டர் கேபிள். வெள்ளைப் புகையோட ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிச்சா, மாட்டும்போது பம்ப் டைமிங் தப்பியிருக்கலாம். பம்பைக் கழட்டுறது கடைசி வேலை.

டீசல் சைக்கிள் பி-வி டயகிராமை நாம கண்ணை மூடிட்டு வரைவோம். ஆனா நம்ம லேபில் ஓடுறது எப்பவும் நல்லா இருக்கிற இன்ஜின்; ரீடிங் எடுத்து, கிராஃப் போட்டு முடிச்சிடுறோம். ஒரு நாள் ஸ்டாஃபே ஒரு கிளாம்ப்பைத் தளர்த்தி வச்சுட்டு, "கண்டுபிடி"ன்னு மார்க் போடட்டுமே?

லேபில் யூகம் தப்பினா நமக்குப் போறது ரெண்டு மார்க். பாலத்தில் தப்பினா ஐஸ் உருகும், மீன் கெடும். அந்த நஷ்டம் லாரிக்காரர் தலையில்.