ஸ்போர்ட்டியா, பிராக்டிகலா? காம்பேக்ட் எஸ்யூவி வாங்கும் முன் பின் சீட்டையும் கேளுங்க!

பட்ஜெட் 9 முதல் 13 லட்சம். வேண்டியது ஒரு காம்பேக்ட் எஸ்யூவி. இதுவரைக்கும் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பஞ்சாயத்து ஷோரூமில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் சிவப்பு பிரேக் காலிப்பர், இரட்டை சைலன்ஸர், கறுப்பு இன்டீரியர் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறது 'ஸ்போர்ட்டி' மாடல். இன்னொரு பக்கம், பார்க்கச் சாதுவாக, ஆனால் பெரிய டிக்கியும் அகலமான பின் சீட்டுமாக ஒரு 'ஃபேமிலி' மாடல். மகன் முதலாவதைப் பார்க்கிறார். அப்பா இரண்டாவதன் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்க்கிறார்.

'இளசுகளுக்கு ஸ்போர்ட்டி, குடும்பஸ்தர்களுக்கு பிராக்டிகல்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், வாங்குபவருக்கு அது உதவாது. ஐந்து முதல் ஏழு வருஷம் இஎம்ஐ கட்டப்போகும் ஒரு முடிவு இது. முதலில் 'ஸ்போர்ட்டி' என்ற பெயரில் என்ன விற்கப்படுகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒரே இன்ஜின், மூன்று முகம்

ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்வோம். இதில் சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 83 பிஎஸ் பவர், சுமார் 114 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் தருவது 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் பெரிசு, ஓட்டினால் தெரியும்.

இதே வென்யூவின் ஸ்போர்ட்டி வடிவம்தான் 'என் லைன்'. அதில் எத்தனை பிஎஸ்? அதே 120. டார்க்? அதே 172. சாதாரண வென்யூ டர்போவைவிட ஒரு பிஎஸ் கூட அதிகம் இல்லை. கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், மாற்றி அமைக்கப்பட்ட ஸ்டீயரிங், சத்தம் மாறிய சைலன்ஸர், தனி டிசைன் ஆகியவைதான் கூடுதல். இவை வீண் என்று சொல்ல முடியாது. ஆனால், 'பவர் ஜாஸ்தி' என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்துதான் போவார்.

இன்னொரு சுவாரஸ்யம். ஹூண்டாயின் சகோதர நிறுவனமான கியாவின் சைரோஸ் பெட்ரோல் மாடலிலும் இருப்பது 120 பிஎஸ் தரும் அதே 1 லிட்டர் டர்போதான். ஆனால், அந்தக் காரின் அடையாளமே பின் சீட்டு. முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்த்துக்கொள்ளலாம். அதாவது, வேகம் வேண்டுமென்றால் வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. இன்ஜின் வேறு, பேட்ஜ் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பலருடைய கணக்கு தப்பாகிறது.

அரசுக்கு டர்போதான் 'சின்ன கார்'

நிறுவனங்கள் ஏன் 1 லிட்டர் டர்போவை இவ்வளவு தள்ளுகின்றன? ஒரு காரணம் வரி. 2025 செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால் வரி 18%. இந்த இரண்டில் ஒன்று மீறினாலும் 40%. 998 சிசி டர்போ, எவ்வளவு சீறினாலும், சட்டத்தின் கண்ணில் சின்ன கார். குடும்பங்களின் செல்லமான மாருதி பிரெஸ்ஸாவோ 4 மீட்டருக்குள் அடங்கினாலும், அதன் இன்ஜின் 1,462 சிசி. எனவே 40% பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸிலும் இதே கதை. 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய் என்பது 2022 முதல் உள்ள அடிப்படைக் கட்டணம். ஆகவே, 'டர்போ என்றாலே செலவு' என்ற பேச்சு பாதிதான் உண்மை. வாங்கும் இடத்தில் டர்போவுக்குச் சலுகை இருக்கிறது. செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

அந்த 10 லட்ச ரூபாய் கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய கார்களுக்கான ஆயுட்கால சாலை வரி, 5 முதல் 10 லட்ச ரூபாய் வரை 13%. 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18%. தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்ச ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாய். விலையில் வித்தியாசம் 20,000 ரூபாய்தான். வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடிவிடுகிறது. ஆக, கையை விட்டுப் போவது 73,100 ரூபாய்.

பெரும்பாலான ஸ்போர்ட்டி வேரியன்ட்டுகள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. வென்யூ என் லைன் தொடங்குவதே 10 லட்சத்துக்கு மேல். 'இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடலே வந்துடும் சார்' என்று சேல்ஸ்மேன் சொல்லும்போது, அந்தக் 'கொஞ்சம்' எக்ஸ் ஷோரூம் விலையிலா, ஆன் ரோடு விலையிலா என்று கேட்டே ஆகணும்.

ஓட்டுபவருக்குச் சந்தோஷம், உட்காருபவருக்கு?

வாங்கிய பிறகு வரும் செலவுக்கு வருவோம். டர்போ இன்ஜின் மெதுவாக, சீராக ஓட்டினால் மைலேஜில் சமர்த்து. ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். ஓட்டும் பழக்கத்தால் லிட்டருக்கு 15 கி.மீ. என்பது 12 கி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓடும் காருக்குக் கூடுதலாகச் சுமார் 16.7 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றால் ஐந்து வருஷத்தில் ஒரு லட்ச ரூபாய்!

அடுத்தது கியர்பாக்ஸ். டிசிடி எனப்படும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஹைவேயில் அருமை. கியர் மாறுவதே தெரியாது. ஆனால், ஆயில் குளிர்ச்சி இல்லாத 'டிரை கிளட்ச்' வகை, பொங்கல் நேரத்துப் பெருங்களத்தூர் நெரிசல் மாதிரி ஊர்ந்து போகும் இடங்களில் சூடாகும். தினமும் அப்படித்தான் ஆபீஸ் போகணும் என்றால், பிரெஸ்ஸா, ஸ்கோடா கைலாக், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ போன்றவற்றில் வரும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் நிம்மதியான தேர்வு.

பணத்தைவிட முக்கியமானது சஸ்பென்ஷன். இறுக்கமான சஸ்பென்ஷன் இருந்தால் வளைவில் கார் சாயாது. ஓட்டுபவருக்குத் தன்னம்பிக்கை வரும். ஆனால், அதே இறுக்கம் பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் சீட்டில் இருப்பவரின் இடுப்பில் போய் இறங்கும். பெரிய அலாய் வீல், உயரம் குறைந்த டயர் என்றால் குலுக்கல் இன்னும் கூடும். குழியில் விழுந்து அடிபட்டால் மாற்றும் செலவும் அதிகம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் சந்தோஷம் ஒருவருக்கு. அதற்கான விலையைக் கொடுப்பது, அந்தக் காரைத் தேர்ந்தெடுக்காத மற்ற மூன்று பேர். 'ஸ்போர்ட்டி' மீதான உண்மையான புகார் இதுதான்.

ஸ்போர்ட்டிக்கும் ஒரு நியாயம் உண்டு

அதற்காக 'பேசாம பிராக்டிகல் வாங்குங்க' என்று அறிவுரை சொல்லிவிடவும் முடியாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறை சாலையில் 40. ஐந்து பேர், லக்கேஜ், ஏசி சகிதம் இந்த மலைகளில் ஏறும்போது 114 நியூட்டன் மீட்டர் இன்ஜின் முனகும். இரண்டாவது, முதலாவது கியர் என்று மாறி மாறிப் போட வேண்டியிருக்கும். 172 நியூட்டன் மீட்டர் இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது எதிர்த் தடத்தில் இருக்கும் நேரமும் குறையும். இந்த இடத்தில் டர்போ ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு.

தனியாக வசிப்பவர், அல்லது கணவன் மனைவி இருவர் மட்டும், பின் சீட்டில் வருஷத்தில் பாதி நாள் லேப்டாப் பை மட்டுமே பயணிக்கிறது என்றால், அவர்கள் ஸ்போர்ட்டி மாடலை வாங்குவதில் என்ன தப்பு? வராத விருந்தாளிகளுக்காகப் பெரிய டிக்கி வாங்குவதும் வீண் செலவுதானே!

அப்போ, எப்படி முடிவெடுப்பது?

* கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை நாள் பின் சீட்டில் ஆள் இருந்தார்கள், எத்தனை நாள் ஹைவே பயணம் என்று எண்ணிப் பார்க்கலாம். கனவில் போகும் லடாக் ட்ரிப் இந்தக் கணக்கில் சேராது.

* டெஸ்ட் டிரைவில் இருபது நிமிடம் ஓட்டினால், இன்னொரு இருபது நிமிடம் பின் சீட்டில் உட்கார்ந்து வரணும். வீட்டில் மூட்டு வலி உள்ள பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துப்போய், ஏறி இறங்கச் சொல்லணும். ஷோரூம் காட்டும் வழவழப்பான சாலையை விட்டுவிட்டு, மோசமான ஒரு தெருவில் போகச் சொல்லணும்.

* டிக்கியின் லிட்டர் அளவை அப்படியே நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் பின்பக்கத் தட்டு வரை அளக்கின்றன. சில, கூரை வரை. வீட்டிலிருக்கும் பெரிய சூட்கேஸை எடுத்துப்போய் வைத்துப் பார்ப்பதே சரியான அளவுகோல். சிஎன்ஜி என்றால் சிலிண்டர் பிடிக்கும் இடத்தையும் பார்க்கணும்.

* கொட்டேஷன் ஆன் ரோடு விலையில் இருக்கட்டும். 10 லட்சக் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள வேரியன்ட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியான விடை நடுவில் இருக்கிறது. அடிக்கடி ஊருக்கு ஹைவேயில் போகிறவர்களுக்கு, வசதியான பின் சீட்டுள்ள காரில் டர்போ இன்ஜின். நகரத்துக்குள் மட்டுமே சுற்றுகிறவர்களுக்குச் சாதாரண இன்ஜினே தாராளம். மிச்சமாகும் பணம் இஎம்ஐ-யைக் குறைக்கும். சிவப்பு காலிப்பரும் இரட்டை சைலன்ஸரும் ஆசைக்கான செலவு. ஆசைக்குச் செலவழிப்பது குற்றமில்லை. அது ஆசைதான் என்று தெரிந்து, பின் சீட்டில் உட்காரப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செலவழித்தால் போதும்.