விண்கப்பலுக்கு எந்த அகப்பை வாங்குவது?

போன வாரம் பேரன் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினான். சாப்பாடு, பரீட்சை எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டான்: "தாத்தா, இன்னும் அந்த சி கிரேடு ஸ்கூப்பை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கீங்களா? ஏ கிரேடு மாத்துங்க தாத்தா. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வருகிற வரை மனசுக்குள் அவனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர்ஸிலும் கொள்முதலிலும் குப்பை கொட்டியவன் நான். எந்தச் சாமானை எந்தத் தரத்தில் வாங்குவது என்பதில் என்னை ஒருவன் கேலி பண்ணினால் பதில் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். கொரோனா ஊரடங்கு நாட்களில் பேரன் எனக்குக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் 'எலீட் டேஞ்சரஸ்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியர் என்ற நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதிய 'எலீட்'. நான் ஸ்டோர்ஸில் பின் கார்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பையன்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் விண்வெளியையே அடைத்துவிட்டார்கள்! புதிய விளையாட்டில் நம் பால்வீதி முழுவதும் இருக்கிறது. 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். சுட்டுக்கொண்டு திரிகிறவர்கள் சுடட்டும். எனக்கு ஊர் சுற்றுவதுதான் பிடித்தது. யாரும் போகாத நட்சத்திரத்துக்குப் போய், அதைச் சுற்றும் கோள்களை அளந்து, திரும்பி வந்து அந்தத் தகவலை விற்றால் காசு. காசு என்றால் கிரெடிட். விளையாட்டுப் பணம்தான். நம் பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவு தூரம் போவதற்கு எரிபொருள் வேண்டுமே? வழியில் பங்க் கிடையாது. அதற்குத்தான் 'ஃப்யூயல் ஸ்கூப்' என்ற கருவி. கப்பலை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனால், அதன் ஹைட்ரஜனை அள்ளித் தொட்டியில் போட்டுக்கொள்ளும். நான் இதை அகப்பை என்றுதான் சொல்வேன். 1984 விளையாட்டிலேயே இந்த அகப்பை உண்டு. விலை 525 கிரெடிட்.

இப்போது இது எட்டு அளவுகளில் வருகிறது, 1 முதல் 8 வரை. ஒவ்வொரு அளவிலும் ஐந்து தரம். இ-தான் மட்டம், பிறகு டி, சி, பி, ஏ-தான் உசத்தி. ஆக நாற்பது அகப்பை. இதில் எதை வாங்குவது? அதுதான் கேள்வி.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் கப்பல் 'ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர்'. சுமார் 66 லட்சம் கிரெடிட். சாமான் பொருத்துவதற்கு அதில் சின்னதும் பெரியதுமாக இடங்கள் உண்டு. மிகப் பெரிய இடம் 6-ம் அளவு. வாங்கிய உடனே என் பழைய புத்தி வேலை செய்தது. பெரிய இடம் காலியாக இருந்தால் அது கோடவுன் என்றுதான் எனக்குத் தோன்றும். 64 டன் சரக்கு வைக்கிற ரேக்கை அங்கே மாட்டினேன். அகப்பைக்கு ஒரு மூலையில் 2-ம் அளவு இடம் போதும் என்று நினைத்தேன். தரம்? எல்-1! குறைந்த விலைக்காரனுக்கே ஆர்டர் கொடுத்துப் பழகிய கை. ஏறக்குறைய ஆயிரம் கிரெடிட்டுக்கு 2இ வாங்கிப் பொருத்தினேன். ஆடிட்டில் ஒரு கேள்வி வராது.

அது விநாடிக்கு அதிகபட்சம் 32 கிலோ அள்ளும். என் கப்பல் முழு வீச்சில் ஒரு தாவல் தாவினால் 5 டன் செலவு. அந்த 5 டன்னை அள்ள இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இரண்டரை நிமிஷம் அனலில் காய்ந்துகொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் பொறுமையாக நின்றேன். இரண்டாம் நாள் பாதியில் கிளம்பினேன். ஒரு வாரம் போனதும் "தொட்டியில்தான் இன்னும் இருக்கிறதே, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம். அடுத்தடுத்து நான்கு மண்டலங்களில் பழுப்புக் குறுமீன்கள். அவற்றிலிருந்து அள்ள முடியாது. நிஜத்தில் பழுப்புக் குறுமீனிலும் ஹைட்ரஜன் உண்டுதான். ஆனால் அள்ளக்கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்களே, இங்கே சட்டியில் இருந்தும் வரவில்லை. மீதி ஒரு டன் கூட இல்லை. பக்கத்து நட்சத்திரத்துக்குப் போக அது போதாது.

எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? கப்பலில் மின்சாரம் போகும். அவசர ஆக்சிஜன் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மட்டமான கருவி என்றால் ஐந்தே நிமிஷம். அதற்குப் பிறகு கப்பல் போய்விடும். விற்காமல் கையில் வைத்திருந்த தகவல் முழுவதும் கூடவே போய்விடும். மூன்று வாரம், தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்தது. விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். எனக்குக் கை நடுங்கியது.

பேரனைக் கூப்பிட்டேன். "தாத்தா, எதையும் தொடாதீங்க. உடனே மெயின் மெனுவுக்கு வெளியே வந்துடுங்க" என்றான். வெளியே வந்தால் கடிகாரம் நின்றுவிடும். பிறகு அவன் 'ஃப்யூயல் ராட்ஸ்' என்ற குழுவுக்குத் தகவல் கொடுத்தான். எரிபொருள் எலிகள்! இப்படி நடு வழியில் நிற்கிறவர்களைத் தேடி வந்து எரிபொருள் கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள். 2015 முதல் செய்து வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. எந்த தேசத்துப் பிள்ளைகளோ தெரியாது, மூன்று பேர் இருட்டில் வந்து நின்றார்கள். ஒரு டன் சுமக்கிற சின்னச் சின்ன டிரோன்களை ஒவ்வொன்றாக என் கப்பலுக்கு அனுப்பினார்கள். பேரன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, "தேங்க் யூ" என்று இரண்டு விரலால் தட்டி முடிப்பதற்குள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கேஸ் சிலிண்டர் மட்டும் தீர்றதுக்கு முன்னாடியே புக் பண்ணத் தெரியுது."

அன்றைக்குப் புரிந்தது. நான் மிச்சம் பிடித்தது எரிபொருளில் இல்லை, பொறுமையில். மெதுவாக அள்ளுகிற அகப்பை, மனுஷனைப் பாதியில் கிளம்ப வைத்துவிடும். ஆகவே எல்-1 கூடாது என்பதில் பேரனோடு எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை மறு பக்கத்தில்தான். மட்டமானது கூடாது என்றால் உடனே உசத்தியானதா? கணக்குப் பார்ப்போம்.

6-ம் அளவு அகப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு அதிகபட்சம் டி 502 கிலோ அள்ளும், சி 627, பி 752, ஏ 878. ஒவ்வொரு படிக்கும் சுமார் 125 கிலோதான் கூடுகிறது. விலையோ ஒவ்வொரு படிக்கும் நாலு மடங்கு. டி நாலரை லட்சம், சி 18 லட்சம், பி 72 லட்சம், ஏ 2 கோடியே 88 லட்சம். 66 லட்சம் ரூபாய் வண்டிக்கு அதைப்போல நாலு மடங்கு விலையில் ஒரு அகப்பை வாங்குகிற மாதிரி. எந்தக் கொள்முதல் கமிட்டி இதை ஒத்துக்கொள்ளும்?

சரி, காசு போனால் போகட்டும், நேரம்தான் முக்கியம் என்பான் பேரன். நேரத்தையும் பார்ப்போம். 5 டன் அள்ள சி-க்கு 8 விநாடி. ஏ-க்கு 5.7 விநாடி. இரண்டே கால் விநாடி வித்தியாசம். 'கொலோனியா' என்று ஒரு தூரத்துக் குடியிருப்பு உண்டு, இங்கிருந்து சுமார் 22,000 ஒளியாண்டு. தாவலுக்கு 35 ஒளியாண்டு வைத்தால் 630 தாவல். ஒவ்வொன்றிலும் முழு 5 டன் அள்ளினாலும், பயணம் முழுவதற்கும் மிச்சமாவது சுமார் 24 நிமிஷம். அதற்கு விலை 2 கோடியே 70 லட்சம். அடுத்த தாவலுக்கு இயந்திரம் தயாராகும் வரை எப்படியும் நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பதால், அந்த 24 நிமிஷமும் முழுதாகக் கைக்கு வராது.

இன்னொன்றைச் சின்னவர்கள் யோசிப்பதில்லை. கப்பல் அழிந்தால் புதிதாகப் பெற, கப்பலும் கருவிகளும் சேர்ந்த மொத்த விலையில் 5 சதவீதம் கட்ட வேண்டும். ஏ அகப்பைக்கு மட்டும் அதில் 14 லட்சத்துக்கு மேல். சி-க்கு 90 ஆயிரம். வாங்கும்போது ஒரு முறை அழுதால் போதாது. விழும்போதெல்லாம் அழ வேண்டும்.

அப்படியானால் கவனிக்க வேண்டியது எது? என் அபிப்பிராயம், அளவு. 5-ம் அளவில் உசத்தியான 5ஏ விநாடிக்கு 577 கிலோதான் அள்ளுகிறது. விலை 90 லட்சம். 18 லட்சத்து 6சி அதை விட அதிகமாக, 627 கிலோ அள்ளுகிறது. வாய் பெரிதாக இருந்தால் வெள்ளிப் பூண் தேவையில்லை. இந்தக் கருவிக்கு விளையாட்டில் எடையும் கிடையாது. பெரியதை மாட்டினால் தாவும் தூரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். ஆகவே கப்பலின் மிகப் பெரிய இடத்தை அகப்பைக்குக் கொடுங்கள். கோடவுன் வேண்டுமென்றால் சின்ன இடத்தில் இருக்கட்டும்.

பேரன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நியூட்ரான் நட்சத்திரத்தின் வீச்சில் புகுந்து, ஒரே தாவலில் நாலு மடங்கு தூரம் போகிறவர்கள் உண்டு. நியூட்ரான் நட்சத்திரத்தில் அள்ள ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு நல்ல நட்சத்திரம் கிடைக்கும்போது தொட்டியை மொத்தமாக நிரப்பியாக வேண்டும். அவசரக்காரர்களுக்கு அங்கே ஏ உதவும். அனலில் நிற்கிற நேரமும் குறையும். கோடிக் கணக்கில் சேர்த்துவிட்டு எதில் போடுவது என்று தெரியாதவர்களும் வாங்கிக்கொள்ளட்டும். முதல் பயணம் கிளம்புகிறவன் ஏ வாங்கக் காசு சேருகிற வரை காத்துக்கொண்டிருந்தால், அது வீண்.

எந்த அகப்பையாக இருந்தாலும், எங்கே அள்ளலாம் என்று தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகை நட்சத்திரங்கள்தான் கொடுக்கும். ஆட்டக்காரர்கள் இதை 'கேஜிபி ஃபோம்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு கேஜிபி மறக்காது! நம் சூரியன் ஜி வகை. வரைபடத்தில் இந்த ஏழை மட்டும் தேர்ந்தெடுத்து வழி போடச் சொல்லலாம். அன்று நான் அதைச் செய்யவில்லை.

வெண் குறுமீனிலும் அள்ள முடியாது. முதல் தடவை ஒன்றை நெருங்கியபோது எனக்கு சந்திரசேகர் ஞாபகம் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930-ல் தன் 19-வது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, வெண் குறுமீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்குப் போட்டவர். எரிக்க வேண்டியதை எரித்து முடித்துவிட்டு ஆறிக்கொண்டிருக்கும் நட்சத்திரம் அது. அதனிடம் போய் எரிபொருள் கேட்டால் எங்கே இருந்து கொடுக்கும்?

அடுத்த மாதம் கொலோனியாவுக்குக் கிளம்புவதாக இருக்கிறேன். பெரிய இடத்தில் 6சி. வழியெல்லாம் கேஜிபி ஃபோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொட்டி நிறைந்த பிறகுதான் கிளம்புவது என்று மானிட்டருக்குக் கீழே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். மற்ற சின்ன இடம் ஒன்றில், எரிபொருள் கொடுக்கிற டிரோன் கருவியும் சில டிரோன்களும் வைத்திருக்கிறேன். மிச்சமான 2 கோடியே 70 லட்சத்துக்கு முன்னால் அதன் விலை ஒன்றுமே இல்லை. வழியில் என்னைப் போல எவனாவது நின்றுகொண்டிருப்பான்.

ஹாஸ்டலில் இருக்கிறவன் இதைப் படிப்பான். கணக்கில் தப்பு இருந்தால் சொல்லட்டும். கேலி மட்டும் செல்லாது.