நாம் வாங்குகிறோம், யார் அள்ளுகிறார்கள்?

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் நம் கையில் இருப்பது ஒரு நிமிடம்தான். அதன் பிறகு அது யார் கைக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை. கிராமத்தில் தூய்மைக் காவலர், நகரத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இந்த வேலையில் இருப்போரில் பெரும்பாலோர் தலித் மக்கள், குறிப்பாக அருந்ததியர். அள்ளிய குப்பையைக் கொட்டும் இடமும் பல ஊர்களில் காலனியை ஒட்டியே இருக்கிறது. எனவே கடையில் எதை வாங்குவது என்பது சுற்றுச்சூழல் பிரச்சினை மட்டுமல்ல, சாதிப் பிரச்சினையும்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் பெட்டிக்கடைகளில் பாக்கெட் சரங்கள் தொங்குகின்றன. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த இந்த உறையைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். அது போய்ச் சாக்கடையை அடைக்கிறது. அடைப்பை எடுக்க மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் சாவுகள் நிற்கவில்லை. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காக, அன்றாடக் கூலி வாங்கும் குடும்பம் பாக்கெட் வாங்குவதைக் குற்றம் சொல்ல முடியாது. பெரிய பாட்டில் வாங்க மொத்தப் பணம் வேண்டும். காலி உறைகளைச் சேகரிக்கும் முதன்மைப் பொறுப்பு தயாரிக்கும் நிறுவனங்களுடையது என்று 2016-ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. 'எங்கள் ஊரில் யார் வந்து சேகரிக்கிறார்கள்?' என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.

நம்மால் முடிந்ததும் உண்டு. மளிகைக்கு மஞ்சப்பை, எண்ணெய்க்குப் பாட்டில், கறிக்கடைக்குத் தூக்குவாளி. மகளிர் குழுவினர் சேர்ந்து பெரிய கேன் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். மாணவர்கள் தூக்கி எறியும் பேனாவுக்குப் பதில் மை பேனா வாங்கலாம். நாப்கின், பிளேடு, உடைந்த கண்ணாடியைத் தனித்தனியே தாளில் சுற்றிக் கொடுங்கள். அள்ளுபவரின் கை கிழியாமல் இருக்கும்.

டீக்கடையில் பிளாஸ்டிக் கப் வேண்டாம், கண்ணாடி டம்ளர் போதும் என்று சொல்வதும் நல்லதுதான். ஆனால் இரட்டைக் குவளைக்குப் பெயர்போன சில ஊர்களில், தலித்துகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் நீட்டும் வழக்கம் வந்தது. தூக்கி எறியும் கப், தீண்டாமையை மறைக்கவும் உதவியது. எனவே டம்ளர் கேட்கும்போது, எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்று சேர்த்தே கேட்போம்.