பிரதி எண் 12/50

சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரு படம், தனி லைட் சகிதம். ராட்சத கிரேன் ஒன்று மீனவரின் கட்டுமரத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்குகிறது. தெருச் சுவரில் ஸ்டென்சில் அடித்த மாதிரி கறுப்பு வெள்ளை. மூலையில் பென்சிலால் 12/50.

‘‘லிமிடெட் எடிஷன். ரெண்டு வருஷத்துல விலை டபுள் ஆயிடும்’’ என்றார்.

‘‘யார் மேல கோபம்?’’

‘‘கார்ப்பரேட்காரங்க மேலதான்!’’

நண்பருக்கு எங்கே சம்பளம் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் பேங்க்ஸி என்றொரு முகம் தெரியாத சுவர் ஓவியர். ஏலத்தில் படம் வாங்குகிறவர்களையே முட்டாள்கள் என்று திட்டி ஒரு பிரிண்ட் போட்டார். அந்த முட்டாள்கள் அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள். 2021-ல் ஒரு கம்பெனி அதில் ஒரு பிரதியைக் கொளுத்தி, அதன் டிஜிட்டல் நகலைச் சுமார் 3,80,000 டாலருக்கு விற்றது. நையாண்டிக்கு இதைவிட மரியாதையான சாவு கிடையாது!

பழவேற்காட்டு மீனவர்களுக்கும் ‘லிமிடெட்’ தெரியும். ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்தக் குப்பம் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பது. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடக் கூடாது என்பதற்கு அந்த எண். (அதிலும் சாதி பார்ப்பார்கள், எல்லோருக்கும் இடமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.) நம் கேலரி எண்ணோ, இல்லாதவனுக்குக் கிடைக்காமல் இருப்பதற்கு.

அந்த மீனவர்களுக்குப் பக்கத்தில்தான் காட்டுப்பள்ளி துறைமுகம். அதானி குழுமம் 2018-ல் வாங்கியது. 330 ஏக்கரைச் சுமார் 6,100 ஏக்கராக்கத் திட்டம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற மணல் திட்டும் அரித்துப் போனால் எங்கே வலை கட்டுவது என்று கேட்கிறார்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரியில் ஒரு தேதி, 2023 செப்டம்பரில் ஒரு தேதி. இரண்டுமே தள்ளிப்போயின. இந்தச் சண்டைக்கு 50 பிரதி போதுமா, சொல்லுங்கள்?

எண் போடாத கோபத்துக்கு என்ன கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2017-ல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதற்காக முதல்வரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் அம்மணமாக வரைந்தார் கார்ட்டூனிஸ்ட் பாலா. இணையத்தில் இலவசமாகப் போட்டார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பகிரலாம். வீடு தேடி வந்து கைது செய்தார்கள். 12/50 என்று எழுதி கேலரியில் மாட்டியிருந்தால், அதே அதிகாரிகள் திறப்பு விழாவுக்கு வந்து முந்திரி கொறித்திருப்பார்கள்.

நண்பரிடம் ஒரு யோசனை சொன்னேன். இந்தப் படத்தை அப்படியே போஸ்டராக 2,000 அடிப்போம். பசை வாளியோடு நானும் வருகிறேன். பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்தில் தொடங்கி மீஞ்சூர் வரை ஒட்டிக்கொண்டே வரலாம். ஓவியரிடம் அனுமதிகூட நானே கேட்கிறேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘வேல்யூ போயிடுமேப்பா’’ என்றார்.