டெபியனும் முன்னிருப்புப் பணிமேடையும்

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. கணினியைத் திறந்ததும் திரையில் என்ன தெரிகிறதோ அதுதான் விண்டோஸ். லினக்ஸில் கதை வேறு. உள்ளே ஓடுவது ஒன்று, வெளியே தெரியும் முகம் இன்னொன்று. பட்டி எங்கே இருக்க வேண்டும், சாளரத்தை எப்படி மூட வேண்டும், கோப்புகளை எப்படிக் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் பணிமேடை என்ற தனி மென்பொருள் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. டெஸ்க்டாப் என்றால் எல்லோருக்கும் புரியும். க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ, மாத்தே, எல்எக்ஸ்டிஈ என்று பட்டியல் நீளும். டெபியன் இயங்குதளத்தில் இவை அத்தனையும் இலவசமாகக் கிடைக்கும்.

அப்படியானால், எதையும் தேர்ந்தெடுக்காமல் "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போகிறவருக்கு எதைக் கொடுப்பது? அவருக்குக் கிடைப்பதுதான் முன்னிருப்பு. இதற்காக டெபியன்காரர்கள் இரண்டு வருடத்துக்கும் மேலாக இழுபறி நடத்தினார்கள்.

"பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே, இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?" என்று தோன்றலாம். ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் மாற்றிக்கொள்வார்கள் என்பதும் ஒன்றல்ல. வணிகவியல் மாணவர்களுக்கு இது பழகிய சங்கதி. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தைப் பற்றி பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷியா இருவரும் 2001-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு சேர விரும்பியவர்கள் படிவம் கொடுத்துச் சேர வேண்டும். பிறகு எல்லோரும் தானாகவே சேர்க்கப்பட்டு, வேண்டாதவர்கள் மட்டும் விலகலாம் என்று மாற்றினார்கள். திட்டத்தின் பலன் அதேதான், ஆனால் சேர்ந்திருப்பவர்களின் விகிதம் எங்கேயோ போய்விட்டது. அது மட்டுமில்லை, நிர்வாகம் முன்கூட்டியே குறித்துவைத்த சேமிப்பு விகிதத்தையே பெரும்பாலோர் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சம்பளப் பணத்திலேயே இப்படி என்றால் திரையில் பட்டி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதில் கேட்கவா வேண்டும்!

இனி டெபியன் கதை. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈயைத் தொடங்கினார். அது நம்பியிருந்த க்யூட்டி நூலகத்தின் உரிமம் அப்போது கட்டற்ற உரிமமாக இல்லை. அதற்கு மாற்றாக 1997-இல் மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். உரிமச் சிக்கலால் 1998-இல் டெபியன் கேடிஈயை நீக்கியது. 2000-இல் க்யூட்டி ஜிபிஎல் உரிமத்துக்கு வந்து அந்தச் சண்டை தீர்ந்தாலும், டெபியனில் முன்னிருப்பாக நிலைத்தது க்னோம்தான்.

2011-இல் க்னோம் 3 வந்தது. பழைய பட்டி போயிற்று, சாளரங்களைச் சிறிதாக்கும் பொத்தான் போயிற்று. பலருக்கும் கோபம். பழையதே வேண்டும் என்று க்னோம் 2-ஐப் பிரித்தெடுத்து மாத்தேயை உருவாக்கினார்கள். இந்தச் சூட்டில்தான் 2012 ஆகஸ்டில் ஜோயி ஹெஸ் டெபியனின் முன்னிருப்பை எக்ஸ்எஃப்சிஈ என்று மாற்றினார். அவர் முதன்மையாகச் சொன்ன காரணம் ரசனை பற்றியதே அல்ல, ஒரே குறுந்தகட்டில் க்னோம் அடங்கவில்லை என்பதுதான். இது அற்பக் காரணம் போலத் தெரியும். ஆனால் இணைய வசதி சரியாக இல்லாத ஊரில் முதல் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவுகிறவருக்கு அது அற்பமில்லை.

அந்த மாற்றம் நிலைக்கவில்லை. 2013 மேயில் வெளிவந்த டெபியன் 7 "வீஸி" க்னோமுடனே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அடுத்த பதிப்புக்காக மறுபடியும் எக்ஸ்எஃப்சிஈ. ஆனால் இம்முறை ஒரு நிபந்தனை இருந்தது: 2014 ஆகஸ்ட் வாக்கில் தகவல்களைத் திரட்டி மறுபரிசீலனை செய்வது என்று. செப்டம்பரில் ஜோயி ஹெஸ் திரும்பவும் க்னோமுக்கே மாற்றினார். தமக்கு ஏறக்குறைய 80 சதவீதம்தான் உறுதி என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். இப்படி எழுதுகிற நிர்வாகிகள் எத்தனை பேர்? 2015 ஏப்ரலில் டெபியன் 8 "ஜெஸ்ஸி" க்னோமுடன் வந்தது.

அவர் முதலில் வைத்த காரணம் அணுகல் வசதி, அதாவது பார்வையற்றவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் பயன்படுத்த முடிவது. சிஸ்டம்டியுடனான ஒத்திசைவு அதற்கு அடுத்தது. அணுகல் வசதியில் க்னோமும் மாத்தேயும் மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் இருந்தன, எக்ஸ்எஃப்சிஈ குறைந்தபட்சத் தேவையைக்கூட எட்டவில்லை என்பது அன்றைய மதிப்பீடு.

பலர் இதைச் சாக்கு என்றார்கள். அது சாக்கு அல்ல. சொல்லப்போனால் இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

பார்வையற்ற ஒருவர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஓர்கா போன்ற திரைவாசிப்பான் திரையில் உள்ள படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு பொத்தானும், ஒவ்வொரு பட்டியும் "நான் பொத்தான், என் பெயர் இது, இப்போது என்னைத் தேர்ந்திருக்கிறார்கள்" என்று உள்ளுக்குள் அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஓர்கா பேசும். நிரலாளர் அந்த அறிவிப்பை எழுதவில்லை என்றால் அந்த இடத்தில் மௌனம்தான். ஓர்கா சன் மைக்ரோசிஸ்டம்ஸில் க்னோமை மையமாக வைத்து வளர்ந்தது. 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கிய பிறகு, முக்கியமாக ஜோன்மேரி டிக்ஸின் உழைப்பால் தொடர்ந்தது. க்னோமின் முன்னிலை அங்கிருந்து வந்தது.

இன்னொன்று. வீஸி பதிப்பிலேயே டெபியனின் நிறுவல் நிரல் பேச ஆரம்பித்துவிட்டது. தொடக்கத்தில் 'எஸ்' விசையைத் தட்டி எண்டர் கொடுத்தால் கேள்விகளைக் குரலில் கேட்கும், பக்கத்தில் யாருடைய துணையும் தேவையில்லை. இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து தானே நிறுவி முடித்தவர், கணினி மறுபடி கிளம்பியதும் பேசாத பணிமேடையில் போய் விழுந்தால் எப்படி இருக்கும்? மாற்றிக்கொள்ளலாமே என்று அவரிடம் சொல்ல முடியுமா? மாற்றுவதற்கான பட்டியே அவருக்குக் கேட்காதே.

எக்ஸ்எஃப்சிஈ தரப்பு நியாயமும் சாதாரணமானதல்ல. க்னோம் நினைவகத்தை நிறையத் தின்னும். நல்ல வரைகலை அட்டை இல்லாத கணினிகளுக்காக இருந்த எளிய வடிவத்தையும் 2013-இல் வந்த 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பிறகு அந்த வேலையையும் மையச் செயலியே இழுக்க வேண்டியதாயிற்று. பழைய கணினி வைத்திருப்பவர் படும் பாடு உண்மை. லினக்ஸைத் தேடி வருவதே பெரும்பாலும் அவர்தான் என்பதும் உண்மை. ஆனால் அவர் மெதுவாகவேனும் திரையைப் பார்க்கிறார், படிக்கிறார், ஒரே ஒரு கட்டளையில் எக்ஸ்எஃப்சிஈயை நிறுவிக்கொள்கிறார். அவருக்குத் தவறான முன்னிருப்பு என்பது ஒரு மாலை நேர எரிச்சல். மற்றவருக்கு அது பூட்டிய கதவு. இருவரில் எவருக்குத் தவறினால் வெளியே வர வழி இல்லையோ, அவர் பக்கம்தான் முன்னிருப்பு சாய வேண்டும்.

"எத்தனை பேர் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதானே?" என்பது அடுத்த வாதம். டெபியனில் பாப்கான் என்றொரு கணக்கெடுப்பு உண்டு. சம்மதித்தவர்களின் கணினியில் எந்தப் பொதிகள் உள்ளன என்று அது எண்ணும். ஆனால் முன்னிருப்பாகக் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பவரும், தேடித் தேர்ந்தவரும் அதில் ஒரே எண்ணிக்கைதான். கடைக்காரர் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்த சோப்பை "அமோக விற்பனை" என்று சொல்வதுபோல! தவிர, பாப்கானில் சேர்கிறீர்களா என்ற கேள்விக்கு முன்னிருப்பு விடை "இல்லை". அதை "ஆம்" என்று மாற்றுகிறவர் முன்னிருப்பை மாற்றத் தெரிந்தவர். யாருக்காக முன்னிருப்பு தேவையோ அவர் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டார்.

கேள்வியாகவே கேட்டுவிடலாம் என்பாரும் உண்டு. ஓப்பன்சூசே அப்படித்தான் செய்துவந்தது. க்னோமா கேடிஈயா என்று கேட்டு, எதையும் முன்தேர்வு செய்யாமல் விட்டுவிடும். இரண்டு பெயரையும் முதல் தடவை கேள்விப்படுகிறவர் என்ன செய்வார்? கடைசியில் 2009-இல் வந்த 11.2 பதிப்பில் கேடிஈயை முன்தேர்வாக்கினார்கள். ஜெஸ்ஸியில் டெபியன் செய்தது இதைவிடச் சரியான வழி. முன்பு நிறுவலின் தொடக்கத்தில் எங்கோ ஒரு உள்பட்டியில் ஒளிந்திருந்த மற்ற பணிமேடைகளை வெளிப்படையான பட்டியலாக வைத்தது. ஆனால் முடிவெடுக்க முடியாதவருக்காக ஒரு விடையையும் கையில் வைத்திருந்தது.

உபுண்டு 2011-இல் யூனிட்டி என்ற தன் சொந்தப் பணிமேடைக்கு மாறி, 2017-இல் மார்க் ஷட்டில்வொர்த்தின் அறிவிப்போடு க்னோமுக்குத் திரும்பியது. அது ஒரு நிறுவனத்தின் வியாபாரக் கணக்கு, டெபியனோடு ஒப்பிட அதிகம் இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 "ட்ரிக்ஸி"யிலும் க்னோம்தான் முன்னிருப்பு. இதற்கிடையே பழைய எக்ஸ் சாளர முறை போய் வேலேண்ட் வருகிறது. அதில் ஒரு நிரல் அழுத்தும் விசையை இன்னொரு நிரல் தன் போக்கில் கவனிக்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் திரைவாசிப்பானின் குறுக்குவிசைகள் வேலை செய்யப் பணிமேடையே இடம் கொடுக்க வேண்டும். க்னோம் 2025 மார்ச்சில் வந்த 48-ஆம் பதிப்பில் இதைச் செய்தது. எக்ஸ்எஃப்சிஈயின் வேலேண்ட் ஆதரவோ 2024 டிசம்பரில் வந்த 4.20-இல் சோதனை நிலையில்தான் தொடங்கியது. எக்ஸ்எஃப்சிஈயை மறுபடி முன்னிருப்பாக்க விரும்புகிறவர்கள் வேலையை ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். நினைவகக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.