விலக்கு போதாது
2015 ஜனவரி 9-ஆம் தேதிக்கு முன் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டிக்கப்படமாட்டார் என்று மத்திய சர்க்கார் 2025 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவை வரவேற்கிறோம்; ஆயினும் அது பாதி நியாயமே. சோழவரத்தைக் கடந்து செல்லும் பெருஞ்சாலையில், ஒருபுறம் புழலிலும் மறுபுறம் கும்மிடிப்பூண்டியிலும் அமைந்த முகாம்களில், 1983-இல் மூண்ட யுத்தத்தால் வீட்டையும், சிலர் கணவனையும் இழந்து வந்து சேர்ந்த ஸ்திரீகள், 1984-இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற ஸ்தாபனங்களின் துணைகொண்டு சுயஉதவிக் குழுக்கள் அமைத்து, சிறுகச் சேமித்து, மக்களுக்குக் கல்வியூட்டி, ஜீவனத்தைத் தாமே நிலைநிறுத்திக்கொண்டார்கள். சமாதான முயற்சிகளில் பெண்களுக்குப் பங்கு வேண்டுமென ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2000 அக்டோபரில் நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம் ஏட்டில் கோரியதை, அத்தீர்மானத்தின் பெயரையும் கேட்டிராத பலர் இங்கே ஆரவாரமின்றி நடத்திக் காட்டினர். 2021-இல் மாநில அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது நன்றே. ஆனால் அங்கே பிறந்து பட்டம் பெற்ற பெண்ணுக்கு, பிரஜாவுரிமை இல்லாத ஒரே காரணத்தால், சர்க்கார் உத்தியோகத்தின் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையை ஒதுக்கியதற்குத் தக்க நியாயம் உண்டென்று நாம் கருதவில்லை. தங்க விரும்புவோர்க்குப் பிரஜாவுரிமை வழங்குவதும், திரும்ப விரும்புவோரின் நிலவுரிமை குறித்துக் கொழும்புடன் பேசுகையில் இப்பெண்களின் பிரதிநிதிகளையும் உடன் அமர்த்துவதும் மத்திய சர்க்காரின் கடமை. அதற்கு இனியும் தவணை கேட்பது தகாது.