ஒரே இன்வாய்ஸ், எத்தனை பதிவேற்றம்!

சென்னையில் கொருக்குப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு சுங்க முகவர் அலுவலகத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஒரே இன்வாய்ஸை சுங்கத் தளத்தில் ஏற்றி, கப்பல் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பி, டிரெய்லர்காரருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பிரின்ட்டும் எடுத்து வைப்பார்கள். கம்ப்யூட்டர் எல்லாரிடமும் இருக்கிறது. ஒன்றோடொன்று பேசத்தான் மாட்டேன் என்கிறது.

சுங்கத்துறையின் இ-சஞ்சித் பாதிக் கிணறு தாண்டியது. ஆவணத்தை ஒருமுறை ஏற்றினால் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் அதைக் குறித்தால் போதும், காகிதக் கட்டோடு அலைய வேண்டாம். சுங்கத்தையும் அதோடு இணைந்த அரசுத் துறைகளையும் தாண்டினால் மறுபடி பழைய கதைதான்.

தனித்தனி மென்பொருள்களைப் பேசவைக்க வழி இல்லாமல் இல்லை. 2010-இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட சிமிஸ் என்ற பொதுத் தரத்தை ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் போன்ற போட்டியாளர்களே சேர்ந்து உருவாக்கினார்கள். மென்பொருள் அவரவருடையது, ஆவணத்தைத் தேட, எடுக்க, திருத்த மட்டும் எல்லாருக்கும் ஒரே முறை. 2022-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த யூலிப் என்ற சரக்குப் போக்குவரத்துத் தளமும் ரயில்வே, சுங்கம், வாகனப் பதிவு எனச் சிதறிக் கிடக்கும் தரவுகளை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) மூலம் இணைக்கிறது. நல்லதுதான். ஆனால் ஏபிஐயைப் பயன்படுத்த ப்ரோகிராமர் வேண்டும். நாலு பேர் வேலை பார்க்கும் ஆபீசில் அவருக்குச் சம்பளம் யார் தருவது? அரசு புதுப்புது ஆப் விடுவதை நிறுத்திவிட்டு, இந்தச் சிறு அலுவலகங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பில்லிங் மென்பொருளிலேயே இந்த இணைப்பைப் பொருத்தித் தரட்டும். செலவைத் துறைமுகமும் கப்பல் கம்பெனிகளும் பகிர்ந்துகொள்ளலாம். தாமதக் கட்டணம் வாங்குகிறவர்கள் அவர்கள்தானே.